பாலைவனத்துச் சாண்டாவும் ஒரு சீசா தைலமும்

ஜோத்பூருக்கு நான் ஆசிரியர் வேலைக்கு வந்தது 1988-ல். பள்ளியில் விலங்கியல் பாடம் நடத்தினேன். 1992 தீபாவளிக்குக் கோவில்பட்டியிலிருந்து என் தாயார் வந்திருந்தார். நீண்ட ரயில் பயணம் அவருடைய முழங்கால் வலியைக் கிளப்பி விட்டது. மாடிப்படி ஏற முடியவில்லை. பக்கத்து வீட்டு மார்வாடி அம்மாள் கைகூப்பி வந்து பார்த்துவிட்டு, "சாண்டே கா தேல்" தேய்த்தால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்றார்.

மறுநாள் கடிகார கோபுரச் சந்தைப் பக்கம் போனேன். நடைபாதையில் ஒருவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு வாணலி, வரிசையாகச் சின்னச் சின்ன சீசாக்கள். சாக்கின் மேல் ஐந்தாறு பெரிய ஓணான்கள் உயிரோடு கிடந்தன. கட்டி வைக்கவில்லை, ஆனாலும் ஒன்றும் ஓடவில்லை. ஓட முடியாதபடி முதுகெலும்பை முறித்து வைத்திருந்தார். இருப்பதில் கொழுத்ததைக் கையில் தூக்கிக் காட்டி, இதில்தான் எண்ணெய் அதிகம் என்றார். நான் ஒரு சீசா வாங்கிக்கொண்டு வந்தேன். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. விலங்கியல் ஆசிரியனான எனக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. அப்போது நினைத்துப் பார்க்க விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அம்மா நான்கு நாள் தேய்த்தார். ஐந்தாம் நாள், "இதை எதுல இருந்து எடுக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். தேய்த்த கை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "ஏ ஐயா, அது சினையா இருந்துச்சா, பாத்தியா?" என்றார்.

நான் பார்க்கவில்லை. அதைவிட வெட்கம், ஐப்பசியில் அந்த விலங்கு சினையாக இருக்குமா, எப்போது முட்டையிடும், எதைப் பொறுத்து இடும் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் பின்னாளில் பல புத்தகங்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் படித்தேன். படித்ததைச் சங்க அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சாண்டா என்பது எது?

இங்கே சாண்டா என்று அழைக்கப்படுவது முள்வால் ஓணான். நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 1827-ல் கிரே என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதை விவரித்து, இந்திய உயிரினங்களை ஓவியங்களாகத் திரட்டிய ஹார்ட்விக் என்ற ராணுவ அதிகாரியின் பெயரைச் சூட்டினார். நான் படித்த காலத்தில் யூரோமாஸ்டிக்ஸ் ஹார்ட்விக்கி என்பார்கள். 2009-ல் இனங்களைத் திருத்தி வகைப்படுத்தியதிலிருந்து சாரா ஹார்ட்விக்கி என்பது அறிவியல் பெயர்.

வளர்ந்த ஆண் 40 செ.மீ.க்கு மேலும் இருக்கும். பெண் அதைவிடச் சிறியது. தடித்த வாலைச் சுற்றி வளையம் வளையமாக முட்கள். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சுத்த சைவம் என்றே சொல்லலாம். புல், இலை, பூ, விதை இவைதாம் முக்கிய உணவு. குஞ்சுகள் மட்டும் பூச்சிகளையும் நிறையத் தின்னும். ராஜஸ்தானின் தார் பாலையிலும், குஜராத்தின் கட்ச் பகுதியிலும், எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானிலும் வாழ்கிறது. கெட்டியான மண்ணில் வளைந்து வளைந்து இறங்கும் வளை தோண்டும். அது இரண்டு மீட்டருக்கு மேலும் நீளும். ஒரு வளைக்கு ஓர் ஆள் என்பதே பெரும்பாலும் வழக்கம். சூரு மாவட்டத்தில் உள்ள தால் சாப்பர் சரணாலயத்துக்குப் போகிறவர்கள் இவற்றைக் கூட்டமாகக் காணலாம். காலையில் கறுத்த நிறத்தோடு வளை வாயிலில் வெயில் காயும். உடம்பு சூடேற ஏற நிறம் வெளுக்கும். ஆள் நிழல் பட்டால் உள்ளே போய்விடும்.

குளிர் காலத்தில் வளை வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயே உறங்கும். மாசி வாக்கில் வெளியே வரும். பங்குனி, சித்திரையில் ஆண்கள் சண்டையிடும், இணை சேரும். பிறகு பெண் மண்ணுக்குள் முட்டையிடும். எண்ணிக்கை பத்தை ஒட்டி, கூடவோ குறையவோ இருக்கும். ஆனி, ஆடி வாக்கில் மழைக்காலத்தை ஒட்டிக் குஞ்சுகள் வெளிவரும். ஆண்டுக்கு இந்த ஒரு வாய்ப்புத்தான்.

முதல் காரணம்: போன வருடத்து மழை

கோழிக்கு நல்ல தீனி போட்டால் வருடம் முழுதும் முட்டையிடுகிறது. வறண்ட நிலத்து ஊர்வனவுக்கு அந்தச் சலுகை இல்லை. ஜோத்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 360 மி.மீ. அளவில் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் 200 மி.மீ.கூடத் தேறாது. அதுவும் பெரும்பாலும் ஆடி முதல் புரட்டாசி வரையிலான சில நாட்களில் கொட்டி முடிந்துவிடும். பிறகு மண் காயும், புல் காயும்.

ஆகவே பசுமை இருக்கும் அந்தச் சில வாரங்களில் தின்ன முடிந்ததையெல்லாம் தின்று, சாண்டா அதைக் கொழுப்பாக உடம்பில் சேமிக்கிறது. குளிர்காலம் முழுதும் தின்னாமல் உயிர் தாங்குவது இந்தச் சேமிப்பால்தான். அதில் மீதம் இருப்பதுதான் வசந்தத்தில் முட்டைக்கு முதலீடு. முட்டையில் உள்ள மஞ்சள் கரு என்பது தாயின் உடம்பிலிருந்து வரும் கொழுப்பும் புரதமும்தான். குஞ்சு பொரிந்து வெளியே வரும்வரை அதற்கு வேறு சாப்பாடு கிடையாது.

இது ஊகம் அல்ல. 1965-ல் அமெரிக்காவில் ஹான், டிங்கிள் என்ற இருவர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அந்நாட்டின் வறண்ட பகுதிகளில் வாழும் ஒரு சிறு பல்லியினத்தை எடுத்துக்கொண்டு, பெண்களின் வயிற்றில் உள்ள கொழுப்புத் திட்டுகளை அறுவை செய்து நீக்கினார்கள். கொழுப்பை இழந்த பெண்களுக்குச் சினைப்பையில் கரு முட்டைகள் சரியாக வளரவில்லை. சேமிப்பு இல்லையேல் முட்டை இல்லை என்பது அதிலிருந்து தெளிவாயிற்று.

சாண்டாவைப் போலவே இலை தழை தின்னும் சக்வாலா என்ற பெரிய பல்லி அமெரிக்காவின் மொஹாவி பாலையில் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் அதன் பெண்களில் பல முட்டையிடுவதே இல்லை. தின்னக் கிடைத்த கொஞ்சத்தைத் தன் உயிருக்கு வைத்துக்கொண்டு, பிள்ளைப் பேற்றை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுகின்றன. பார்ப்பதற்குக் கொடுமையாகத் தோன்றினாலும் கணக்கு சரியானது. தாய் பிழைத்தால் நல்ல மழை வருடத்தில் மறுபடி முட்டையிடலாம். தாயும் செத்து, தீனியில்லாமல் குஞ்சும் செத்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இதோடு வசந்தத்துப் பசுமையும் சேர வேண்டும். மார்கழி, தையில் இங்கே சில சமயம் சிறு மழை விழும். 'மாவட்' என்பார்கள். கோதுமை விவசாயிக்கு அது பொன். உறக்கம் கலைந்து எழும் சாண்டாவுக்கும் அது விட்டுச் செல்லும் பசும்புல் பெரிய உதவி.

இரண்டாம் காரணம்: வெயிலும் பகல் நீளமும்

சேமிப்பு இருந்தால் போதாது, எப்போது செலவழிப்பது என்று தெரிய வேண்டும். ஊர்வன தம் உடம்பின் சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்பவை அல்ல. வெயிலில் காய்ந்துதான் சூடேற்ற வேண்டும். மண் சூடாகத் தொடங்குவதும், பகல் நீள்வதும், பல்லி இனங்களின் மூளைக்குப் பருவம் மாறுவதைத் தெரிவிக்கின்றன. மூளை ஹார்மோன்களைச் சுரக்கச் செய்கிறது. ஆணின் விந்தகமும் பெண்ணின் சினைப்பையும் வளரத் தொடங்குகின்றன.

சூட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. புல்லைச் செரிப்பது எளிதல்ல. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்யவும், உணவு செரிக்கவும் உடம்பு நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். மேகமூட்டமும் குளிரும் நீடித்தால் வயிறு நிறைந்திருந்தும் பயனில்லை.

அதே சமயம் வெயில் அளவு மீறினாலும் ஆபத்து. 2016 மே மாதம் 19-ஆம் தேதி ஜோத்பூர் பக்கத்துப் பலோடியில் 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அது காற்றின் வெப்பம். வெறும் மணலின் மேற்பரப்பு அதைவிட எவ்வளவோ கொதிக்கும். அத்தகைய நாட்களில் நடுப்பகல் முழுதும் வளைக்குள் பதுங்க வேண்டியதுதான். வெளியே வந்து மேயும் நேரம் குறைந்தால் உடம்பில் சேர்வதும் குறையும்.

மூன்றாம் காரணம்: மண்ணின் ஈரம்

தாய் முட்டையிட்டதோடு கதை முடிவதில்லை. கோழி முட்டையின் ஓடு கெட்டியானது. பெரும்பாலான ஓணான் வகைகளின் முட்டை தோல் போல் மெத்தென்றிருக்கும். சுற்றியுள்ள மண்ணிலிருந்து அது நீரை உறிஞ்சுகிறது. கரு வளர வளர முட்டை பருத்துக் கனப்பதைக் கண்ணாலேயே காணலாம். ஈரம் போதிய அளவு இருந்தால் குஞ்சு வாட்டசாட்டமாகப் பிறக்கும். மண் மிகக் காய்ந்திருந்தால் முட்டை தன் நீரையும் மண்ணுக்குப் பறிகொடுத்துச் சுருங்கிவிடும்.

ஆகையால்தான் முட்டை மேல் மண்ணில் இல்லை. ஆழத்தில் வெப்பமும் ஈரமும் நாளுக்கு நாள் அதிகம் மாறுவதில்லை. மேலே அக்கினி நட்சத்திரம் கொளுத்தும்போது கீழே ஒரே சீரான சூழல். வளை தோண்ட ஏற்ற கெட்டி மண் இருப்பதும், அதை யாரும் கிளறாமல் இருப்பதும் இனப்பெருக்கத்துக்கு மழையைப் போலவே அவசியம்.

நம் வேலி ஓணான் இதில் ஒரு வித்தை வைத்திருக்கிறது. தார்வாடில் கர்நாடகப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். சூழ்நிலை சரியில்லை என்றால், முட்டையிடத் தயாராகிவிட்ட பெண் ஓணான் முட்டைகளை வயிற்றிலேயே தாமதித்து வைத்துக்கொள்ள வல்லது. பிள்ளைப் பருவத்தில் கோவில்பட்டிக் கரிசல் காட்டில் ஓணான்மேல் கல்லெறிந்தவன் நான். அது வானம் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் ஊரில் விதைப்புக்கு வானம் பார்த்தவர்களும் அப்படித்தானே காத்திருந்தார்கள்!

ஈரம் நல்லது என்றால் கால்வாய்ப் பாசனம் இன்னும் நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணினேன். 1958-ல் வேலை தொடங்கிய ராஜஸ்தான் கால்வாய், பின்னர் இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர் மாறி, பாலையின் உள்பகுதி வரை தண்ணீர் கொண்டு வந்தது. மனிதருக்கு அது பெரும் வரம். ஆனால் முட்டைக்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் கரு மூச்சு முட்டிச் சாகும். டிராக்டர் கலப்பை ஓடினால் வளையே இருக்காது. பாலைக்குப் பழகிய உயிருக்குப் பாலையின் அளவான ஈரமே ஏற்றது.

நான்காம் காரணம்: முட்டை கிடக்கும் சூடு

ஆணா பெண்ணா என்பது கருவுறும்போதே குரோமோசோம்களால் முடிவாகிவிடுகிறது என்று வகுப்பில் பாடம் நடத்தினோம். மனிதருக்கு அது சரி. ஊர்வன எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1966-ல் செனகல் நாட்டில் மாதலேன் ஷார்னியே என்ற பிரெஞ்சுப் பெண்மணி, சாண்டாவின் ஆப்பிரிக்க உறவான அகாமா என்ற ஓணானின் முட்டைகளை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்து, வெப்பத்துக்கேற்ப ஆண்-பெண் கணக்கு மாறுவதை முதன்முதலில் எடுத்துரைத்தார்.

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள் பகுதியில் தாடி ஓணான் என்ற ஒன்று உண்டு. அதற்குக் குரோமோசோம் கணக்கு இருக்கிறது. ஆனாலும் முட்டைகள் சுமார் 32 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வளர்ந்தால், ஆணாகப் பிறக்க வேண்டிய குஞ்சுகளில் பல பெண்ணாகப் பிறக்கின்றன. இது 2007-ல் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. 2015-ல் வெட்டவெளியில் வாழும் ஓணான்களிலும் இப்படி மாறியவை இருப்பதாக அறிவித்தார்கள். உலகம் சூடேறிக்கொண்டு போகும் நாளில் இது வெறும் வேடிக்கைச் செய்தியல்ல.

குஞ்சு வெளிவரும் நேரம்

இத்தனையும் கூடி வந்தால் குஞ்சுகள் மழைக்காலத்தை ஒட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன. அப்போது பூச்சிகள் மலிந்திருக்கும், புல் முளைத்திருக்கும். குளிர் வருவதற்குள் அந்தச் சிறு உடம்பு கொஞ்சம் கொழுப்புச் சேர்த்தாக வேண்டும். வல்லூறு, கழுகு, நரி, உடும்பு, பாலைவனப் பூனை என்று தின்னக் காத்திருப்பவை பல. தப்பிப் பிழைப்பது சில. அவையும் உடனே முட்டையிடும் வயதை எட்டுவதில்லை. எனவே ஒரு கூட்டத்தின் எதிர்காலம், பல கோடைகளைத் தாண்டி வந்த பெரிய பெண்களைத்தான் நம்பியிருக்கிறது. பொதுவாக உடம்பு பெரிதானால் முட்டையும் அதிகம்.

அம்மாவின் கேள்விக்குப் பதில்

இப்போது அந்தச் சாக்கின் மேல் கிடந்தவற்றை நினைத்துப் பார்க்கிறேன். ஐப்பசி மாதம். மழைக்காலம் முடிந்து, தின்று தீர்த்து, உறக்கத்துக்குத் தயாராக இருந்த உயிர்கள். அம்மா கேட்ட கேள்விக்கு நேர் பதில், அப்போது அவற்றின் வயிற்றில் முட்டை இல்லை என்பதுதான். ஆனால் பெண்ணாக இருந்திருந்தால், அடுத்த சித்திரையில் முட்டையாக வேண்டிய பொருள் உள்ளே இருந்தது. கொழுப்பாக இருந்தது. வியாபாரி வாணலியில் உருக்கியது அதைத்தான். நான் சீசாவில் வாங்கி வந்தது அதைத்தான். கொழுத்ததாகப் பார்த்துப் பிடிக்கிறபோது, அந்த வருடம் முட்டையிடத் தகுதி பெற்றதையே தேர்ந்தெடுத்துக் கொல்கிறோம்.

இந்த எண்ணெய்க்கு ஆண்மையைப் பெருக்கும், வாதத்தைப் போக்கும் என்று ஆயிரம் விளம்பரம். அது மற்ற விலங்குக் கொழுப்பைப் போல ஒரு கொழுப்பு. அம்மாவுக்குத் தேய்த்த வேளையில் கொஞ்சம் இதமாக இருந்தது. தேய்த்த கையின் சூடுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிறகு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தபோதும் அதே இதம்.

இன்று சாண்டா அழியும் அபாயத்துக்கு உள்ளான விலங்காக உலகப் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. நாடுகளுக்கிடையே இதை விற்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. நம் நாட்டிலோ பிடிப்பதும், கொல்வதும், விற்பதும், வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஆனாலும் திருட்டுத்தனமாகப் பிடிப்பது நின்றுவிடவில்லை. வாங்குகிறவர் இருக்கும்வரை நிற்காது. மழை பொய்ப்பதை நம்மால் தடுக்க முடியாது. வெயிலையும் குறைத்துவிட முடியாது. நான் எழுதிய காரணங்களில் நம் கையில் உள்ளது இது ஒன்றுதான்.

இதற்கெல்லாம் பதில் தெரிந்துகொண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். கரிசல் காட்டில் விதைத்து அறுத்தவர். நான் கொழுப்பு, மஞ்சள் கரு என்றெல்லாம் விளக்கி முடித்ததும், "அப்ப நாம வெதச் சோளத்தை வறுத்துத் தின்னுருக்கோம்" என்றார். என் அத்தனை புத்தகங்களும் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

ஜெய்சல்மேர், ஜோத்பூர் பக்கம் சுற்றுலா வரும் உறவினர்கள், நண்பர்கள் நம் எல்லோர் வீட்டுக்கும் வருகிறார்கள். யாராவது சாண்டா தைலம் வாங்கி வரச் சொன்னால், தயவுசெய்து இந்த வரியை அவர்களிடம் சொல்லுங்கள். காசு செலவழித்துத்தான் ஆக வேண்டுமென்றால், தால் சாப்பருக்கு ஒரு வண்டி அமர்த்திக்கொண்டு, பங்குனி மாதத்துக் காலையில் அழைத்துப் போங்கள். வளை வாயிலில் கறுப்பாக உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருக்கும். சத்தம் போடாமல் தூரத்தில் நின்றால் நன்றாகவே பார்க்கலாம்.